முந்நீர்க் கல்வி

பண்டைத் தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்து வாழ்ந்தனர். மலையைச் சார்ந்தது குறிஞ்சி. காட்டைச் சார்ந்தது முல்லை. கடலைச் சார்ந்தது நெய்தல். இப்பகுப்பின் வழி நோக்கின், ஓசூரும் கிருஷ்ணகிரியும் குறிஞ்சியும் முல்லையும் தம்முள் மயங்கிய மேட்டுநிலங்களாகும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஓசூர் அமைந்துள்ளது. கருநாடக எல்லை அதன் வாயிலை ஒட்டியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அங்கே ஒரே தெருவில் ஒலிக்கும். ஒருகால் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த நிலத்தில் இன்று ரோசா மலர்த் தோட்டங்களும் இயந்திர ஆலைகளும் நிறைந்துள்ளன. 1970ஆம் ஆண்டுகளில் தொடங்கிய தொழில் வளர்ச்சி, சிற்றூராய் இருந்த ஓசூரை 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தியது.

இத்தகைய ஊரில் பிறந்த மாணவன் ஒருவன், “யான் பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிக் கற்க விரும்புகிறேன்” என்று கூறுவானாயின், கேட்போர் நகைத்தல் கூடும். “ஆலைகள் அழைக்கும் ஊரில் இருந்துகொண்டு அலைகளை நாடுவதோ? நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?” என்றும் வினவுவர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கது அன்று. அதற்குரிய விடையைத் தமிழ்ச்சொல் ஒன்றே நமக்குக் காட்டித் தருகிறது.

கடலுக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. பரந்து கிடத்தலின் பரவை எனவும், மிக்க ஒலியுடைமையின் ஆர்கலி எனவும் அதனை வழங்குவர். முந்நீர் என்பது மற்றொரு பெயர். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்னும் மூன்றும் கூடியது முந்நீர் எனச் சிலர் பொருள் கூறினர். நிலத்தைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிலும் உடையது முந்நீர் என வேறு சிலர் விளக்கினர். இவ்விரு பொருளுள் எதனைக் கொள்ளினும், கடல் கரையோடு முடிந்துவிடுவதன்று என்பது புலனாகும். ஆறு தோன்றும் மலையிலும், மழை பெய்யும் காட்டிலும் கடலின் தொடர்பு உண்டு.

தென்பெண்ணையாற்றை எடுத்துக்கொள்வோம். கருநாடக மாநிலத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அவ்வாறு, ஓசூருக்கு அருகில் தமிழகத்துள் புகுகிறது. கெலவரப்பள்ளி அணையிலும் கிருஷ்ணகிரி அணையிலும் தங்கி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் வழியே சென்று, கடலூருக்கு வடபால் வங்கக் கடலில் கலக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஓசூரின் ஏரிக்கரையில் நிற்கும் சிறுவன் கடலைக் கண்டிலன். ஆயினும் அவன் கால் நனைத்த நீர், அணைகளைத் தாண்டிச் செல்லுமாயின், என்றேனும் ஒருநாள் கடலைக் காணும்.

ஆறு கடலுக்குச் செல்லும். கடலும் மேட்டுநிலத்திற்கு வரும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பின்னர் அது வலிமை குன்றி உள்நாட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சார்ந்த ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அவ்வூரில், சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அப்பகுதியின் நீர் சாத்தனூர் அணையில் வந்து சேர, அங்கிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வீதம் நீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் நீரில் மூழ்கின. கடலில் ஆவியாய் எழுந்த நீர் மேட்டுநிலத்தில் மழையாய் விழுந்து, மீண்டும் ஆறாய்க் கடலை அடைந்தது. கடல்நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 26 செல்சியஸ் பாகைக்கு மேல் வெப்பமுற்ற இடத்திலேயே புயல் வலுப்பெறும். ஆகவே, ஊத்தங்கரையில் ஒரு வீடு நீரில் மூழ்குமா என்னும் கேள்விக்கு, வங்கக் கடலின் வெப்பத்தை அளப்பவரும் விடை தேடுகின்றனர். கடலியலின் பயன் கரையோர மக்களுக்கே உரியது என்று எண்ணுவார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, நாம் கடலுக்கு அனுப்புவது யாது? பெங்களூரு மாநகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிகைநீர் தென்பெண்ணையைச் சேர்கிறது. அந்நகரத்து வீடுகளிலும் ஆலைகளிலும் எழும் கழிவு அந்நீரில் கலந்துள்ளது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது, வெண்ணுரை பொங்கி எழுந்து ஆற்றை மூடுவதை ஓசூர் மக்கள் பலமுறை கண்டுள்ளனர். தரைப்பாலத்தின்மேல் நுரை மலைபோற் குவிந்து, போக்குவரத்து நின்றதும் உண்டு. தொலைவிலிருந்து காண்பார்க்கு அது பனிமலைபோல் அழகாய்த் தோன்றும். அருகே செல்வார்க்கோ நாற்றம் மூக்கைத் துளைக்கும். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அழுக்கைப் பழித்தல் எளிது. எல்லைக்கு இப்பால் நாம் ஆற்றில் விடும் அழுக்கும் அந்நீரோடுதான் கலக்கிறது. ஆற்றுக்கு எல்லைக் கல் தெரியாது.

நுரை சில நாழிகையில் அடங்கிவிடும்; நீரில் கரைந்தவை அடங்குவதில்லை. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிகளுக்கு உரமாகின்றன. பாசி மிகுதியாய்ப் பெருகிப் பின் மடியும். மடிந்த பாசியை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகிறது. ஆக்சிஜன் குறைந்த நீரில் மீன்கள் மூச்சுத் திணறி மாயும். அழுக்கின் ஒரு பகுதி அணைகளின் அடியில் வண்டலாய்ப் படிந்து கிடக்கும். பெருவெள்ளம் வருங்கால் அவ்வண்டலும் புரண்டு கடலை நோக்கிச் செல்லும். வங்கக் கடலிலோ, சில நூறு மீட்டர் ஆழத்தில் இயல்பாகவே ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கு ஒன்று உள்ளது. அங்கு வந்து சேரும் கழிவு என்ன செய்யும், எவ்வளவு செய்யும் என்பதனை ஊகத்தால் உரைத்தல் இயலாது. அளந்து அறிதல் வேண்டும். அளந்தறியும் அக்கல்வியே கடலியல்.

கடலியல் என்பது ஒரு துறையன்று. பல துறைகள் கூடிய கூட்டம். அலை, ஓதம், நீரோட்டம், வெப்பம் ஆகியவற்றை ஆராய்வது கடல் இயற்பியல். உப்பையும் கரைந்த வளிகளையும் ஆராய்வது கடல் வேதியியல். கடலடி நிலத்தையும் வண்டலையும் ஆராய்வது கடல் நிலவியல். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர் முதல் திமிங்கிலம் ஈறாக உள்ள உயிர்களை ஆராய்வது கடல் உயிரியல். புவிப்பரப்பில் நூற்றுக்கு 71 பங்கு கடலாகும்; அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். இத்துணைப் பரப்பையும் ஆழத்தையும் ஒரு துறையால் அளந்துவிட இயலுமோ?

1872ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சாலஞ்சர் என்னும் கப்பல், 1876ஆம் ஆண்டு வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தது. அதுவரை அறியப்படாத ஏறத்தாழ 4,700 உயிர்வகைகளை அப்பயணம் உலகிற்குக் காட்டியது. அதன் பயன்களை எழுதி முடிக்க 50 தொகுதிகள் வேண்டியிருந்தன. நம் நாட்டில், நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்று, 1949ஆம் ஆண்டில் மண்டபத்திற்கு மாறியது. பல நாட்டுக் கப்பல்கள் கூடி இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்த பன்னாட்டுப் பயணங்கள் 1965ஆம் ஆண்டில் நிறைவுற்றன. அதன் பின்னர், 1966ஆம் ஆண்டில் தேசியக் கடலியல் நிறுவனம் நிறுவப்பெற்றது.

பல்கலைக்கழகக் கல்வியாகக் கடல் உயிரியலைத் தமிழகத்தில் வளர்த்த இடம் பரங்கிப்பேட்டை. தென்பெண்ணை கடலைச் சேரும் கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அவ்வூர் உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா என்பார், கடலுயிரைக் கடலருகே இருந்து கற்றலே முறை என்று கருதி, அங்கே ஆராய்ச்சி நிலையம் அமையக் காரணமாயினார். 1963ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு அதனை உயராய்வு மையமாக ஏற்றது. அன்று தொட்டு, நாட்டின் பல பகுதியினின்றும் மாணவர் அங்கு வந்து கற்று வருகின்றனர்.

அங்கே மாணவர்க்குச் சிறந்த நூல் வெள்ளாற்றின் கழிமுகமே. கழிமுகம் என்பது ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இடம். கடல்நீர் 1 கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். கோடையில் கழிமுகத்து நீர் கடல்நீர் போலவே உவர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வருங்கால் உப்பு மிகக் குறையும். ஒரே நாளிலும், ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் உப்பு மாறும். மாணவர் படகேறிச் சென்று, குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், குறித்த ஆழத்தில் நீரை முகந்து வருவர். அந்நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆக்சிஜனையும் அளப்பர். மிக நுண்ணிய கண்களையுடைய வலையைப் படகின் பின்னே இழுத்து, மிதவையுயிர்களைத் திரட்டுவர். நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கின், ஒரு துளி நீரில் ஓர் உலகமே தோன்றும். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் நுண்பாசிகளும், அவற்றை உண்ணும் நுண்விலங்குகளும், இறாலின் இளம்பருவக் குஞ்சுகளும் அத்துளியில் உலவும். உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழச் செம்பாதி கடல்வாழ் நுண்பாசிகளால் உண்டாவது. ஓசூரில் நாம் இழுக்கும் மூச்சிலும் கடலுக்குப் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

இக்கல்வி பொறுமையைக் கோருவது. ஒருநாள் அளந்து ஒரு முடிவு கூறுதல் இயலாது. திங்கள்தோறும், பருவந்தோறும், ஆண்டுதோறும் அளத்தல் வேண்டும். அது நேர்மையையும் கோருவது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. அடுத்த ஆண்டில், பரங்கிப்பேட்டையைச் சார்ந்த பேராசிரியர் கே. கதிரேசனும் அவருடன் பணியாற்றியவரும் 18 கடற்கரைச் சிற்றூர்களை ஆராய்ந்தனர். அலையாத்திக் காடு முதலிய மரச்செறிவு இருந்த இடங்களில் இழப்புக் குறைந்தது என அவர்கள் எழுதினர். 2006ஆம் ஆண்டில் வேறு ஆராய்ச்சியாளர் அதே எண்களை மீண்டும் கணக்கிட்டு, ஊர் கடலினின்றும் எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே பெரும்பாலும் இழப்பை உறுதி செய்தது என்று மறுப்புரைத்தனர். அலையாத்திக் காடு மீனுக்கும் இறாலுக்கும் தாய்மடி என்பதில் ஐயமில்லை. பேரலையை அது எந்த அளவு தடுக்கும் என்பதே அன்று எழுந்த வினா. காடுகளின்மேல் நாம் கொண்ட அன்பு கணக்கை மாற்றிவிடலாகாது. தன் கருத்துக்கு மாறான எண்ணையும் மறையாது எழுதுபவனே உண்மையான மாணவன்.

கடலைக் கற்பதற்குக் கரையிற் பிறத்தல் வேண்டுமோ? வேண்டுவதின்று. அதிதி பந்த் என்னும் அம்மையார் கடலே இல்லாத நாகபுரியில் பிறந்தவர். ஆலிஸ்டர் ஹார்டி என்னும் அறிஞர் திறந்த கடலைப் பற்றி எழுதிய நூல் ஒன்று அவரைக் கடலின்பால் ஈர்த்தது. அவர் ஹவாய்த் தீவிலும் இலண்டனிலும் பயின்று, தாயகம் திரும்பித் தேசியக் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1983ஆம் ஆண்டில் புறப்பட்ட மூன்றாம் இந்திய ஆய்வுக் குழுவுடன் பனிக்கண்டமாகிய அண்டார்டிகாவிற்குச் சென்றார். அக்கண்டத்தில் கால் வைத்த முதல் இந்தியப் பெண்மணியர் இருவருள் அவர் ஒருவர். நாகபுரிக்கு எட்டிய கடல் ஓசூருக்கு எட்டாது போகுமோ?

மேனிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களைக் கற்றோர்க்கு இத்துறையில் வழிகள் பல உள்ளன. விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ இயற்பியலோ கற்று இளநிலைப் பட்டம் பெற்ற பின், கடல் உயிரியலிலும் கடலியலிலும் முதுநிலைக் கல்வி பெறலாம். பரங்கிப்பேட்டையே அன்றி, அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் மையம் இராசாக்கமங்கலத்திலும் அமைந்துள்ளன. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் துறையோ, கடலைக் காணாத திருச்சிராப்பள்ளியிலேயே அமைந்துள்ளது. மீன்வள அறிவியலைப் பட்டப் படிப்பாகக் கற்க விரும்புவோர்க்கு, 1977ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் தோன்றிய மீன்வளக் கல்லூரியும், 2012ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற மீன்வளப் பல்கலைக்கழகமும் துணைபுரியும்.

இயந்திரத் தொழிலில் நாட்டமுடையோரும் இக்கல்விக்குப் புறம்பானவர் அல்லர். 1993ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 6,000 மீட்டர் ஆழத்திற்கு மூவரைக் கொண்டு செல்லத்தக்க ‘மத்சியா 6000’ என்னும் கலத்தை உருவாக்கும் பணியை மேற்கொண்டது. அவ்வாழத்தில் நீரின் அழுத்தம் நாம் வாழும் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்காகும். மயிரிழை பிசகினும் கலம் நொறுங்கும். உலோகத்தை அளவு பிசகாது கடைந்தெடுக்கும் கைத்திறன் ஓசூரின் ஆலைகளில் நாள்தோறும் பயிலப்படுவது அன்றோ? ஆலைக்குச் செல்லும் இளைஞனும் கடலுக்குப் பணி செய்யலாம்.

இவ்வழியில் இடர்களும் உண்டு. பட்டம் பெற்றவுடன் வேலை கையில் வந்து விழும் என்று எண்ணுதல் பிழை. முதுநிலைக்குப் பின்னும் பல்லாண்டு ஆராய்ச்சி செய்தல் வேண்டும். அலையில் ஆடும் படகு முதல்முறை செல்வார்க்குத் தலைச்சுற்றலையும் வாந்தியையும் தரும். சேற்றில் முழங்கால் அழுந்த நிற்றலும், நள்ளிரவில் நீர் முகத்தலும் நேரும். கரையோரத்துச் சிறுவன் இளமையிலேயே அறிந்த காற்றையும் நீரோட்டத்தையும் மேட்டுநில மாணவன் புதிதாய்க் கற்க வேண்டியிருக்கும். அதற்கு மீனவரே ஆசிரியர். அவரிடம் பணிந்து கேட்பவன் விரைவில் கற்பான்.

கற்க விரும்புவோர் பல்கலைக்கழகம் புகும் வரை காத்திருத்தல் வேண்டா. 1865ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுத் துறவியும் வானியல் அறிஞருமான செக்கி என்பார், வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் கட்டி நடுநிலக் கடலில் இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவுக்கு அளவாயிற்று. இன்றும் உலகெங்கும் கடலியலார் அத்தகைய தட்டைக் கையாளுகின்றனர். வெள்ளை பூசிய உலோகத் தட்டு ஒன்று, எடைக்கு ஒரு கல், அளவு குறித்த கயிறு ஆகிய இவையே வேண்டுவன. ஓசூரின் இராமநாயக்கன் ஏரியிலோ, கிருஷ்ணகிரி அணையிலோ, ஆசிரியர் துணையுடன் திங்கள்தோறும் ஒரே இடத்தில் தட்டை இறக்கி, மறையும் ஆழத்தை நாளும் நேரமும் இட்டு எழுதி வரலாம். ஓராண்டு முடிவில் அந்த ஏட்டில் நீரின் வரலாறு இருக்கும். மழைக்கு முன்னும் பின்னும் நீர் எவ்வாறு மாறியது, எத்திங்களில் பாசி படர்ந்தது என்பதனை அது காட்டும். நுரை பொங்கிய ஆண்டில் யாரேனும், “ஆறு முன்பும் இப்படித்தான் இருந்தது” என்று கூறுவாராயின், அந்த ஏடு சான்று பகரும்.

ஆற்றுநீரும் ஊற்றுநீரும் மழைநீரும் கூடியது முந்நீர். அம்மூன்றும் ஓசூரில் உண்டு. அவற்றைத் தூயனவாய்க் காப்பவன், கடலைக் காணாவிடினும் கடலைக் காப்பவனே ஆவான். அவ்வாறு காக்கும் வழியை அறிந்து சொல்ல, அளக்கத் தெரிந்தவர் வேண்டும். அவருள் சிலரேனும் ஆறு புறப்படும் மேட்டுநிலத்திலிருந்து வருவராயின், கழிமுகத்தில் நின்று, இந்நீர் எங்கிருந்து வந்தது என்பதனை அவர் தம் ஊரை நினைந்தே அறிவர்.